ஆறடிக்கு மேற்படாத கணேஷ்குமார்

கணேஷ்குமார் பொய் சொல்லமாட்டார். தேவைப்பட்டதில்லை, தார்நாகாவில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துபவர். "எப்ப வருவே?" என்று அம்மா கேட்டால் "பத்து மணிக்குள்ள" என்பார். ஐந்துக்கே வந்து நிற்பார். தப்பில்லையே. ஒரு கூட்டத்து எண்களில் எதுவும் தாண்டாத எண்ணுக்கு மேல்வரம்பு என்று பெயர். பத்தைத் தாண்டாதது ஆயிரத்தையும் தாண்டாது என்பதால் ஆயிரமும் மேல்வரம்புதான். தொண்ணூறு சதவீதம் வரை தள்ளுபடி என்று துணி விற்பவர்களும் இவர் கட்சியே.

முப்பத்தாறு வயதில் கல்யாணத் தளத்தில் பதிந்தார்: வயது நாற்பதுக்குள்; உயரம் ஆறடிக்கு மேற்படாது.

சனத்நகர்ப் பட்டறை ஒன்றில் தரம் பார்க்கும் பத்மஜா, வாசல் டீக்கடைக்கு வரச் சொன்னார். நிமிர்ந்து பார்க்கத் தயாராக வந்த பத்மஜா, குனிந்து பார்த்தார்.

"ஆறடின்னு போட்டிருந்தீங்களே, லெக்சரர் சார்?"

"மேற்படாதுன்னு போட்டிருந்தேன்."

"என் அண்ணன் பையனுக்கு மூணு வயசு. அவனும் மேற்படமாட்டான்."

"கணக்குப்படி சரிதான்."

பத்மஜா பையிலிருந்து ஓர் இரும்புக் கேஜை எடுத்து மேஜையில் வைத்தார். "துளையோட அளவு பாக்கறது. இந்த முனை உள்ளே போகணும், அந்த முனை போகக்கூடாது. அந்த முனையை மட்டும் வெச்சுப் பாத்தா, துளையே போடாத தகடும் பாஸ்."

பன்னிரண்டு வருடப் பாடத்தில் யாரும் அவரை இப்படி மடக்கியதில்லை. கணேஷ்குமாருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கஷ்டகாலம்.

"உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

"அறுபது வயசுக்குள்ள சொல்றேன்."

"கொஞ்சம் குறைக்க முடியுமா?"

"ஹவ், முடியும். நீங்க முதல்ல குறைங்க." ஹவ் என்றால் அந்த ஊரில் ஆமாம்.

டீ ஆடை கட்டும்வரை கணேஷ்குமார் யோசித்தார். "முப்பத்தாறு வயசு. அஞ்சடி மூணு."

"ஷூவோடயா?"

"ஷூவோட."

"கழட்டினா?"

"அஞ்சடி ரெண்டு."

இதற்கு மிகச்சிறு மேல்வரம்பு என்று பெயர். இதற்குக் கீழே இறக்க வழியில்லை. அவரும் இறங்கும் நிலையில் இல்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்று கேஜைப் பைக்குள் போட்டுக்கொண்டார் பத்மஜா.

அந்த வாரம் கணேஷ்குமார் பலகையில் எழுதிய வரம்புகளை மாணவர்களே திருத்த வேண்டியிருந்தது. வியாழக்கிழமை காலை, வகுப்பு நடுவே போன் அடித்தது.

"ஹவ்" என்றார் பத்மஜா.

"ஞாயித்துக்கிழமைக்குள்ளன்னீங்க?"

"இன்னிக்கும் அதுக்குள்ளதானே. ஒண்ணு மட்டும். கல்யாணப் பத்திரிகையில முகூர்த்தம் மதியத்துக்குள்ளன்னு போட்டீங்கன்னா, நான் வரமாட்டேன்."