திருத்தங்கல் மேல்சட்டை

திருத்தங்கல் பொன்மணி படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படித்திருந்தால் எங்காவது சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பாள்; ஊருக்குத்தான் நஷ்டம். இன்றைக்கு மதுரையில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் போட்டிருக்கும் பருத்தி மேல்சட்டை அவள் வெட்டியது. மண்ணுக்குக் கெடுதல் செய்யாத துணி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சட்டை பிறந்த இடம் பட்டாசு ஆபீஸ் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பட்டாசு ஆலையை அந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அங்கே நைலான், பாலியெஸ்டர் உடுத்திக்கொண்டு வெடிமருந்து அறைக்குள் போக முடியாது. உரசினால் பொறி வரும். அதனால் பெண்கள் புருஷனுடைய பழைய பருத்திச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்வார்கள். வருஷக்கணக்கில் அப்படி மாட்டிய பொன்மணிக்கு ஒருநாள் கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"மூட்டைக்குச் சட்டை போட்ட மாதிரில்ல இருக்கேன்," என்றாள்.

காரியாபட்டிப் பக்கம் மானாவாரியில், பூச்சிமருந்து அடிக்காமல் விளைந்த பருத்தியில் நெய்த துணியை வாங்கினாள். கடுக்காயிலும் மாதுளைத் தோலிலும் சாயம் ஏற்றினாள். இடுப்பில் கொஞ்சம் பிடித்து, கீழே விரியவிட்டுத் தைத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அந்த வாரமே பக்கத்து அறைப் பெண்கள் அளவு கொடுத்தார்கள். பிறகு வேலையை விட்டுத் தகரக் கொட்டகை போட்டாள். கூட வேலை பார்த்த மாரிசெல்வியையும் இன்னும் சில பெண்களையும் தையலுக்குக் கூட்டி வந்தாள்.

மதுரை ஜவுளிக்கடைக்காரர் விக்னேஷ்குமார் தீபாவளிக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தார். கடைப்பெயர் பொறித்த பித்தளைப் பட்டன்களையும் ஒரு பையில் அனுப்பி வைத்தார். தப்பு நடந்தது அங்கேதான். பட்டாசு ஆபீஸில் உலோகம் ஆகாது என்று ஊக்கு, கொலுசு, செல்போன் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டே உள்ளே போய்ப் பழகிய பெண்கள் அவர்கள். மாரிசெல்வி பையை வாங்கி வாசல் கூடையில் போட்டாள். யாரும் அதைத் தொடவில்லை. எல்லாச் சட்டைக்கும் வழக்கம்போல் தேங்காய்ச் சிரட்டைப் பட்டனும் நூல் வளையமும் வைத்துத் தைத்து முடித்துவிட்டார்கள்.

லோடு ஏற்ற வந்த விக்னேஷ்குமார் ஒரு சட்டையைப் பிரித்துப் பார்த்தார்.

"என்னக்கா இது, பித்தளைப் பட்டன் எங்க?"

பொன்மணி மாரிசெல்வியைப் பார்த்தாள். மாரிசெல்வி வாசல் கூடையைப் பார்த்தாள்.

"உள்ள கொண்டுவரக் கூடாதுல்லக்கா," என்றாள். சொன்ன பிறகுதான் இது பட்டாசு ஆபீஸ் இல்லை என்று அவளுக்கே உறைத்தது.

"நான் என்ன பட்டாசு ஆபீஸுக்கா விக்கிறேன்?" என்றார் விக்னேஷ்குமார். "சிரட்டையைக் கோத்து வச்சா எவ வாங்குவா? பிரிச்சுத் தச்சா தீபாவளி போயிரும். எனக்கு லோடு வேண்டாம்க்கா."

அந்த லோடு நின்றால் கொட்டகையை மூட வேண்டியதுதான். பெண்கள் மறுபடி மருந்து அறைக்குப் போவார்கள். பொன்மணிக்கு அது தெரியாமல் இல்லை. முகத்தில் காட்டுகிற ஆளா அவள்?

"வேண்டாம்னா விடுங்க தம்பி. வெயில் தாழக் கிளம்பலாம், மோர் குடிங்க," என்றாள். ரோட்டோரம் நீளமாகக் கயிறு கட்டிச் சட்டைகளைத் தொங்கவிட்டாள்.

"ரோட்டுல எதுக்குக்கா?" என்றாள் மாரிசெல்வி.

"இன்னைக்குப் போனஸ் போட்ட நாளுளா."

சாத்தூர் பட்டாசு ஆபீஸில் வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேன் வந்தது. சட்டைகளைப் பார்த்த பெண்கள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார்கள். அவர்களில் முத்துமாரியம்மாள் ஒன்றை உருவி மேலே வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு இது பத்துமா?"

"உங்களுக்கு ரெண்டைச் சேத்துத்தான் தைக்கணும் மதினி," என்றாள் மாரிசெல்வி.

"உம் புருஷன் சட்டையே எனக்குப் பத்தும், போளா."

சிரிப்போடு சிரிப்பாக ஒருத்தி வேன் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். "நான் வண்டி ஓட்ட வேண்டாமாம்மா?" என்றார் டிரைவர்.

"தீபாவளிக்கும் ஆச்சு, மறுநாள் வேலைக்கும் ஆச்சு. பித்தளை வச்சிருந்தா வாசல்லயே கழட்டச் சொல்லியிருப்பாக," என்றாள் முத்துமாரியம்மாள்.

பஸ்ஸை விட்டு இறங்கிய கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் சட்டையைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிரட்டைப் பட்டனைத்தான் கிட்டத்தில் வைத்து எடுத்தார்கள். விக்னேஷ்குமார் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்கா, மிச்சத்தை எனக்கு ஏத்திருங்க."

"பித்தளை இல்லையே தம்பி."

"இருக்கட்டும்க்கா."

"கழுத்துப் பட்டி லேபிள்ல உங்க கடைப் பேரு மட்டும் போதாது. திருத்தங்கல்னும் இருக்கணும்."

அவர் கயிற்றைப் பார்த்தார். பாதி காலியாகியிருந்தது.

"போட்டுக்கலாம்."

"அப்ப வரிசையில நில்லுங்க. முன்னால வந்தவுகளுக்குக் குடுத்துட்டு வாறேன்."

மதுரை ஜவுளிக்கடைக்காரர் முத்துமாரியம்மாளுக்குப் பின்னால் போய் நின்றார்.