கிற்றாருக்குப் பயந்த மாப்பிள்ளை

சண்டைக் காலத்தில் கொழும்பில் பெண் பார்ப்பதென்றால் கோயில்தான். சுவிஸிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு அது காணாது. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடை இருந்தது. வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த என்னையும் அம்மாவையும் அங்கே வரச் சொன்னார்கள். யாழ்ப்பாணம் திரும்ப வழியில்லை. இந்தக் கலியாணம் சரிவந்தால் பொலிஸ் பதிவும் அறைச் சோதனையும் இல்லாத ஊருக்குப் போய்விடலாம். அம்மா அதற்காகவே விரதம் பிடித்துக்கொண்டிருந்தா.

வாசலிலேயே மாப்பிள்ளையின் தாய் என் நெற்றியைப் பார்த்தார்.

“பிள்ளை, அந்தப் பொட்டை எடும். உள்ளுக்கு எல்லா ஆக்களும் வருவினம், தமிழெண்டு தெரிஞ்சிடும்.”

நான் வாய் திறக்குமுன் அம்மாவே அதை உரித்துத் தன் கைப்பையின் உட்புறத்தில் ஒட்டிவிட்டா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை என்பதால் மச்ச மாமிசம் இல்லாத பீட்சா. ரொட்டியில் தக்காளியைப் பூசிவிட்டு அதற்கு எத்தனை எடுப்பு! நான் ஏதாவது சொன்னால் போதும், மாப்பிள்ளை “மெதுவாக் கதையும்” என்பார். தன் வேலையைப் பற்றிக்கூட மேசைக்குக் குனிந்துதான் சொன்னார்.

கடையில் கிற்றார் வாசிப்பவர் மேசை மேசையாக வந்து, என்ன பாட்டு வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மாப்பிள்ளை ஓர் ஆங்கிலப் பாட்டைச் சொல்லத் தொடங்கினார். நான் கடை முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

“தமிழ்ப் பாட்டு ஒண்டு வாசியுங்கோ அண்ணை.”

அவர் சிரித்துக்கொண்டே பழைய சினிமாப் பாட்டொன்றை எடுத்தார். பக்கத்து மேசையில் இருந்த சிங்களக் குடும்பம் மேசையில் தட்டித் தாளம் போட்டது. கை கழுவவென்று எழும்பிப் போன மாப்பிள்ளை, பாட்டு முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார்.

மறுநாள் சம்மதம் என்று சொல்லியனுப்பினார்கள். அம்மா சந்தோஷத்தில் அழுதேவிட்டா. நான் மாட்டேன் என்றேன்.

“கிற்றாருக்கே எழும்பி ஓடுறவர். செக்பொயின்ற்றில என்னை மறிச்சா பக்கத்தில நிப்பாரோ?”

“சுவிஸில ஏதடி செக்பொயின்ற்?”

அம்மா கேட்டது சரிதான். ஆனாலும் மாட்டேன் என்றதை மாற்றவில்லை. அம்மாவின் கைப்பையைத் திறந்து பொட்டை உரித்தெடுத்து நெற்றியில் வைத்தேன். பசை போயிருந்தது, அது நிற்கவில்லை.