மிசே அணைத்த கரிமூட்டம்

மிசே என்ற பெயரை முவாதிமா முதலில் கேட்டது, கொழுந்தன் மகாமேவுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் வாயிலிருந்துதான். மகுண்டுச்சி ஊர்ப் பெண், உழைப்பாளி, ஆனால் கால் ஓரிடத்தில் தரிக்காது என்றார்கள். கரிமூட்டம் போடுகிற வீட்டுக்கு இது எப்படிச் சரிவரும் என்று முவாதிமாவுக்கு அன்றைக்கே உறுத்தல். மண் போட்டு மூடிய மூட்டத்தை விட்டு நகரக்கூடாது. எங்கே வெடித்துப் புகை கக்கினாலும் உடனே அடைக்க வேண்டும். தவறினால் விறகெல்லாம் சாம்பல்.

கல்யாணமாகி வந்த மிசே மூட்டத்தை விட்டு நகராமல்தான் இருந்தாள், விஷக்குரங்குகள் வரும்வரை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜோசானிக் காடு. அங்கிருந்து வந்து மாந்தளிர் தின்னும் செம்முதுகுக் குரங்குக்கு ஊரில் அதுதான் பெயர். அது வாய்வைத்த மரம் பட்டுப்போகும் என்பார்கள். கைக்குக் கல் அகப்படாமல் மிசே கரிக்கட்டியை வீசி விரட்டினாள். ஒரு கிழட்டுக் குரங்கு அதை எடுத்து முகர்ந்து, கடித்துத் தின்றது. தளிர் தின்ற வயிற்றுக்கு அது மருந்தோ என்னவோ, மறுநாளிலிருந்து கூட்டமே கரிக்காக ரோட்டைத் தாண்டியது.

ஒரு மத்தியானம் சுற்றுலா வேன் ஒன்று தாய்க்குரங்கை அடித்துப் போட்டது. குட்டி அதன் மார்பை விடவில்லை.

“நான்தானே அக்கா பழக்கினேன்,” என்றாள் மிசே. அப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பக்கமே தின்னட்டும் என்று கரித்தூளைக் கூடையில் அள்ளிக் காட்டோரம் கொட்டிவிட்டு வந்தாள். அப்படியும் சில குரங்குகள் புகையைக் கண்டு இந்தப் பக்கமே வந்தன. ஹாரன் கேட்டால் போதும், மூட்டத்தை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிக் கையை விரித்து வண்டியை மறிப்பாள். முவாதிமா கத்தினாலும் திரும்ப மாட்டாள். அப்படி ஓடிய ஒருநாள் மூட்டம் வெடித்து முழுதும் எரிந்துபோனது.

மகாமே சாம்பலைக் காலால் கிளறினான். “பேசாம நீயும் மரத்துல ஏறிக்கோயேன்.”

“ஏறினா நீங்கதான் கரி வீசி இறக்கணும்,” என்றாள் மிசே. யாரும் சிரிக்கவில்லை. “இனி மூட்டம் வேணாம். புகை இல்லேன்னா அதுக வராது.”

“சோத்துக்கு?”

“பாஜேக்குப் போய், கயித்துல கடல்பாசி கட்டி வளர்த்து விக்கப் போறேன்.”

பாஜே கடற்கரை தூரம். புருஷனை விட்டுப் போகிறாளே என்று ஊர் பேசும். மகாமே அண்ணியின் முகத்தைப் பார்த்தான். தடுக்கச் சொல்கிறான் என்று முவாதிமாவுக்குத் தெரிந்தது. அவள் குடத்துத் தண்ணீரை எடுத்து, இன்னும் கனன்றுகொண்டிருந்த இடத்தில் ஊற்றினாள்.

மூட்டம் போடுவது நின்றபின் குரங்குகள் ரோட்டைத் தாண்டுவது குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. மிசே இப்போது பாஜேயில் ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். கடல் வற்றும் நேரம் இறங்கிப் பாசி கட்டுகிறாள். மகாமே வெள்ளிக்கிழமைகளில் போய்வருகிறான்.