சுவரில் மாலையோடு இருந்தவர்

போன காலபோக நெல் அறுவடை நேரம், உடையார்கட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. இதுவரை யாருக்கும் விளக்கமாகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், பிறகு ஒரு சினிமாப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டைப் பற்றியும் கதைத்துக் கதைத்து எனக்கு அலுத்துவிட்டது.

கடைசிச் சண்டையின்போது இடம்பெயர்ந்து போகும் வழியில் ஷெல் விழுந்து என் கணவர் இறந்துபோனார். மகள் அப்போது கைக்குழந்தை. தெருவோரத்தில் அவசரமாகப் புதைத்துவிட்டு நடந்தோம். கலியாண அல்பம் பங்கருக்குள் விட்டது விட்டதுதான். அடையாள அட்டை அவருடைய சட்டைப் பையோடு போய்விட்டது. பிறகு சொந்தக்காரர் எல்லாரிடமும் அவருடைய படம் இருக்கிறதா என்று கேட்டுத் திரிந்தேன். யாருடையதோ ஒரு கலியாணப் படத்தில் அவருடைய முதுகு மட்டும் இருந்தது. இந்தப் பக்கத்தில் இது பெரிய புதினமில்லை. செத்தவர்களின் படம் இல்லாத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே பல உண்டு.

ஆனால் அந்த நாட்களைப் பற்றிய சினிமாப் படங்களுக்குக் குறைவில்லை. தெற்கில் சிங்களவர் எடுத்த படத்தில் ஆமிக்காரர் எங்களைக் காப்பாற்றுகிறார்கள். இந்தியாவில் எடுத்த படத்தில் நாங்கள் ஆளுக்காள் வசனம் பேசி அழுகிறோம். மகளின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இவற்றைப் பார்த்துவிட்டு, இப்படித்தான் நடந்தது, அப்படி நடக்கவில்லை என்று சண்டை பிடிக்கிறார்கள். நடந்ததைக் கண்ட நாங்கள் குசினிக்குள் இருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் எங்களிடம் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல எனக்குச் சத்தில்லை.

எங்கள் பக்கத்துப் பொடியள் எடுத்த படம் ஒன்று வந்தது. அது கொஞ்சம் பரவாயில்லை. மகள் அதைப் போனில் போட்டு என்னையும் பக்கத்தில் இருத்திவிட்டாள். சனம் மூட்டை முடிச்சோடு போகிற காட்சியில் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சரிந்து சரிந்து நடந்து போனார். நான் சும்மா வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். "அப்பாவும் இப்பிடித்தான் சரிஞ்சு சரிஞ்சு நடப்பார்" என்று சொல்லிவிட்டேன்.

மகள் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள். அடுத்த கிழமை கிளிநொச்சி ஸ்ரூடியோவுக்குப் போய் அந்த ஆளைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தாள். ஸ்ரூடியோக்காரர் சைக்கிளை எடுத்துவிட்டு, பின்னால் நீல வானம் போட்டு, கோட்டும் போடவா என்று கேட்டாராம். நல்ல காலம், வேண்டாம் என்றிருக்கிறாள். "பிள்ளை, நான் நடையைச் சொன்னனான், முகத்தை இல்லை" என்றேன். "வேற முகம் இருக்கோ உங்களிட்ட?" என்று கேட்டாள். படம் சுவரில் ஏறியது. திவசத்துக்குச் சந்தனப் பொட்டும் மாலையும் வந்தன. நானும் விளக்கு வைத்தேன்.

வைக்க வைக்க ஒரு பயங்கரம் நடந்தது. ஒருநாள் வயலில் களை பிடுங்கும்போது அவருடைய நினைப்பு வந்தது. கண்ணை மூடினால் அந்த ஸ்ரூடியோக்காரரின் நீல வானம் வருகிறது. அதற்கு முன்னால் அந்த ஆளின் முகம் வருகிறது. என்னுடைய மனிசனைக் காணவில்லை. எவ்வளவு முயன்றும் காணவில்லை. வரப்பில் இருந்து அழுதேன். மகளுக்குச் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் வயலுக்கு நெல் வெட்டும் மெசின் வந்தது. மத்தியானம் அதை ஓட்டி வந்தவர் துவாயால் முகத்தை மூடிக் கட்டியபடி, மேலெல்லாம் வைக்கோல் தூசோடு வாசலில் நின்றார்.

"அக்கா, போனில சார்ஜ் இல்லை. ஒருக்காப் போடலாமோ?"

"ஓம், உள்ளுக்கு வாங்கோ அண்ணை. முன்னறையில பிளக் இருக்கு" என்று குசினியிலிருந்தே சொன்னேன்.

பிளக் அந்தப் படத்துக்கு நேர் கீழே இருக்கிறது. தேத்தண்ணியோடு நான் போனபோது அவர் துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி நின்றார். அறை வாசலில் மகள் விறைத்துப்போய் நின்றாள். நான் அவரைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன்.

"அக்கா, இது நானெல்லோ" என்றார் மெதுவாக.

உயிரோடு இருக்கிற ஒருவருக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருக்கிறோம். யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். நான் கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் படம் பரந்தனில எடுத்தவை. சனக் கூட்டத்துக்கு ஆக்கள் காணாது எண்டு என்னையும் கூப்பிட்டவை. வெயிலுக்க திருப்பித் திருப்பி நடந்தனான். பின்னேரம் சாப்பாட்டுப் பாசல் தந்து அனுப்பினவை" என்றார். "என்ர வீட்டில படத்தைப் போட்டுப் பாத்திட்டு, எங்க உங்களைக் காணேல்லை எண்டு சிரிச்சவை. நீங்கள் எப்பிடி அக்கா பிடிச்சனீங்கள்?"

"நடையைப் பாத்து."

"அது பீஸ் இருக்கிற கால்" என்று முழங்காலைத் தடவினார். ஷெல் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறதாம்.

அப்போதுதான் எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. என் கணவருக்குக் காலில் ஒன்றுமில்லை. அவருடைய சைக்கிளின் ஹாண்டில் கோணல். அதை உருட்டும்போதுதான் சரிந்து நடப்பார். திருத்துங்கோ என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்த ஹாண்டில். இத்தனை வருசமும் அதை மறந்துபோயிருந்தேன்.

"அப்ப அப்பா என்ன மாதிரி அம்மா இருப்பார்?" என்று மகள் கேட்டாள். நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். எதிரில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தேன்.

"மூக்கு இவ்வளவு நீளமில்லை" என்றேன். பிறகு, "புருவத்துக்குப் பக்கத்தில அம்மாள் வருத்தம் வந்த தழும்பு ஒண்டு" என்றேன். ஒவ்வொன்றாக வந்தது. வயலில் மெசினோடு நின்ற உதவிப் பொடியன் ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டான். அவர் எழும்பவில்லை. சலூனில் இருக்கிறவர் மாதிரி அசையாமல் இருந்து, "ஆறுதலாப் பாருங்கோ அக்கா" என்று முகத்தை மற்றப் பக்கமும் திருப்பிக் காட்டினார். அந்த மனிதரை நான் எப்படி மறப்பேன்?

"காது இப்பிடி ஒட்டி இராது. வெளியால நிக்கும். உன்ர காது மாதிரி" என்றேன். மகள் அந்தக் காதை எப்போதும் தலைமயிரால் மூடித்தான் வைத்திருப்பாள். கையைக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள்.

போகும்போது அவர், "மாலையை மட்டும் கழட்டி விடுங்கோ. மனிசி அறிஞ்சா என்னைக் கொல்லுவா" என்றார். மகள் மாலையைக் கழற்றி, சந்தனத்தைத் துடைத்து, படத்தைப் பேப்பரில் சுற்றி அவரிடமே கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த நீல வானம் எனக்கு வருவதில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அந்தச் சைக்கிள் காட்சியைப் பார்த்து அழுததாகச் சொல்கிறார்கள், அப்படியே நடந்ததுதானே என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். ஆனால் படத்தில் சைக்கிள் உருட்டினவர் அன்று பின்னேரமே சாப்பாட்டுப் பாசலோடு வீட்டுக்குப் போய்விட்டார், வீடு வந்து சேராத என்னுடையவருக்கோ காது வெளியால் நிற்கும் என்பது இப்போது எனக்கும் மகளுக்கும் தெரியும்.