கோட்டையில் அடித்த துக்கமணி

என் டீக்கடையில் பால் சட்டியை இறக்க நான் பிடிப்பது துணி இல்லை. காற்றின் இரைச்சல் விழாமலிருக்க மைக்குக்குப் போடும் சாம்பல் நிற முடி உறை. ஒரு பக்கம் தீய்ந்து, செத்த கீரிப்பிள்ளை மாதிரி ஆணியில் தொங்கும். இது என்ன என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

கடை எங்கள் கடற்கரையில், பழைய கோட்டை வாசலுக்கு எதிரே இருக்கிறது. போன வருடம் அந்தக் கோட்டையில் தங்கி வேலை செய்ய ஓர் ஒலிக் கலைஞர் வந்தார். வடக்கே ஏதோ பெரிய நகரத்துக்காரர். தமிழ் கொஞ்சம் பேசுவார். இரண்டு மாதம் இங்குள்ள சத்தங்களைப் பதிவு செய்து, கடைசி நாளில் கோட்டைக்குள் ஸ்பீக்கர் வைத்து ஊரைக் கூப்பிட்டுக் கேட்கச் செய்வதுதான் அவர் வேலை. ஊரில் எல்லோரும் அவரைச் சத்தக்காரர் என்றோம். சாப்பாடு என் கடையிலிருந்து போகும். ஆள் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கொடுத்தால் விரலை நக்குவார். ஒருநாள் என் காதில் ஹெட்போனை மாட்டி, ஈர மணலில் நண்டு வளை தோண்டும் சத்தத்தைக் கேட்க வைத்தார். பிறந்ததிலிருந்து அந்த மணலில் நடக்கிறேன், அப்படி ஒரு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. வாய் பிளந்து நின்றேன்.

எங்கள் மாதா கோயிலில் துக்கமணி அடிக்கும் முறையே வேறு. ஒன்று அடித்து, அது முழுக்க அடங்கின பிறகுதான் அடுத்தது. பூசை இல்லாத நேரத்தில் அப்படி ஒரு மணி விழுந்தால், கடலுக்கு ஆளை அனுப்பியிருக்கும் வீட்டில் சோறு இறங்காது. ஊரில் ஒரு பெரியவர் இறந்தபோது அடித்த அந்த மணியைச் சத்தக்காரர் பதிவு செய்து வைத்திருந்தார். ஸ்பீக்கர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு மத்தியானம் கோட்டை மதில்மேல் வைத்து அதையே போட்டுவிட்டார். என் கணவரும் என் தம்பியும் போன விசைப்படகு வர வேண்டிய நாள் அப்போது கடந்திருந்தது. வயர்லெஸ்ஸில் பதில் இல்லை. காற்று வேறு.

பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன். ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஓடினார்கள். மணிக்கூண்டுக்குக் கீழே, மணி அடிக்கும் உபதேசியார் நின்றிருந்தார். "எந்தப் படகு? ஆருக்கு?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினோம்.

"நான் அடிக்கல்ல மக்கா! கயிறு சும்மா கெடக்கத பாருங்க!" என்று இரண்டு கையையும் விரித்தார். விரித்த கை விரித்தபடியே இருக்க, மணி மறுபடி அடித்தது. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கோட்டையிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் அங்கே ஓடினோம். "ஒமக்கு வெளாட எங்க சாவுதான் கெடச்சுதா?" என்று கத்தினேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "ஸாரி அக்கா, தெரியாது அக்கா" என்று கைகூப்பி அழுதார். மறுநாள் படகு வந்தது. இன்ஜின் கோளாறாம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். நானும் சத்தக்காரரை மன்னித்துச் சாப்பாடு அனுப்பினேன்.

ஆனால் ஒன்று எங்களுக்குத் தெரியாது. மணிச் சத்தம் ஊருக்குள் எப்படி வந்து விழுகிறது என்று பார்க்க, அன்று அவர் இன்னொரு மைக்கைக் கோயில் மதிலில் வைத்திருந்தார்.

கடைசி நாள். கோட்டையின் வெடிமருந்து அறை இருட்டாக இருந்தது. ஊரே வந்திருந்தது. என் கணவர் வெள்ளை வேட்டி கட்டி என் பக்கத்தில் நின்றார். அலை கேட்டது, நண்டு கேட்டது, மீன் ஏலம் கேட்டது. பிறகு அந்த மணி. ஓடும் கால்கள். பிறகு ஒரு பெண்: "எனக்க தம்பியே! எனக்க தம்பியே!" யார் இவள், இப்படிக் கத்துகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான்தான். கத்தியதே எனக்கு நினைவில்லை. கடைசிவரை தம்பி, தம்பி, தம்பி. கணவரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அந்த இருட்டிலும் எல்லா முகமும் எங்கள் பக்கம் திரும்பியது தெரிந்தது.

"புருஷன் பேர ஆருட்டி சொல்லுவா? அதான் வரல்ல" என்று பெண்கள் என்னைத் தேற்றினார்கள். பெயர் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லைதான். ஆனால் 'பிள்ளைக்க அப்பா' என்று நாள் முழுக்கக் கூப்பிடுகிறவள் நான். அம்மா இறந்தபின் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவளும் நான்தான். எதைச் சொன்னாலும் அந்தக் குரலுக்கு அது பதில் ஆகவில்லை.

சத்தக்காரர் என் பின்னால் ஓடிவந்தார். "அக்கா, அது ரொம்ப உண்மை. ரொம்ப."

அடிக்கக் கை ஓங்கினேன். உண்மைதான். எனக்கே தெரியாத உண்மையை என் புருஷன் காதில் கொண்டுபோய்ப் போட இவர் யார்? நண்டிடம் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. அடிக்காமல், அவர் கையிலிருந்த மைக்கின் உறையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

கணவர் எனக்கு முன்னே வீட்டுக்கு நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "ஏட்டி, எனக்க பேரு அவ்வளவு நீளமா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சத்தக்காரர் போய்விட்டார். இப்போதெல்லாம் கடலுக்குக் கிளம்பும்போது என் கணவர் டீயைக் குடித்துவிட்டு, ஆணியிலிருந்து இந்த உறையை எடுப்பார். வாய்க்கு நேரே பிடித்து மைக்கில் சொல்வது போலத் தன் பெயரைச் சொல்வார். பிறகு என் வாய்க்கு நேரே நீட்டி, "இனி நீ சொல்லு, பாப்போம்" என்பார். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். தம்பி மட்டும் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான்.

நேற்றும் நீட்டினார். பால் பொங்குது என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன். பால் பொங்கவில்லை.