அடக்கமாக எழுதிக் கெடுத்த விண்ணப்பம்

எனக்குச் சோறு போடுவது ஓசூரில் ஒரு கியர் கம்பெனி. மெட்டுப் போடுவது ஞாயிற்றுக்கிழமைக்காக. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் கன்னடப் பூசை. ஒரே மெட்டில் இரண்டு மொழியும் இடறாமல் உட்கார வேண்டும். அது லேசான காரியம் இல்லை, அதை நான் நன்றாகவே செய்கிறேன். இதை இங்கே எழுதிவிட்டேன். எழுத வேண்டிய இடத்தில் எழுதவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

போன வருடம் சென்னையில் ஒரு பெரிய கலைக்கழகம் இசையமைப்பாளர்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க விண்ணப்பம் கேட்டது. தேர்வானவர்களின் பாட்டுகளைக் கழகமே நல்ல முறையில் பதிவு செய்து வைக்கும். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பதிவுதான். எனக்கு இசைக்குறிப்பு எழுத வராது. மேல்குரல், கீழ்க்குரல் என்று ஒவ்வொரு குரலுக்கும் வாயால் பாடித்தான் சொல்லிக் கொடுப்பேன். பாடகர் குழுவில் பாதிப் பேர் வேலைக்காக வந்தவர்கள். ஒருவர் ஊர் மாறினால் அவர் குரலுக்கு நான் போட்ட மெட்டும் அவரோடு பஸ் ஏறிவிடும்.

விண்ணப்பக் கடிதத்தை அவரவரே எழுத வேண்டுமாம். அங்கேதான் வந்தது வினை. எங்கள் பங்கில் பாட்டுப் புத்தகத்தில் மெட்டுப் போட்டவர் பெயரைப் போடுவதில்லை. போட்டால் தலைக்கனம் என்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஊறிய கையால் இப்படி எழுதினேன்: 'இசையில் எனக்கு ஆழ்ந்த ஞானம் கிடையாது. இப்பாடல்கள் எங்கள் குழுவினர் அனைவரும் சேர்ந்து உருவாக்கியவை. நான் வெறும் கருவி.' எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. எவ்வளவு அடக்கம்!

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"இன்னாங்க இது, லீவு லெட்டராட்டம் இருக்குது. மெட்டு நீங்க போட்டதுன்னு ஒரு இடத்துலயும் இல்லையே."

"படிக்கறவங்க பெரியவங்க. அவங்களுக்குப் புரியும்."

பதில் வந்தது. 'தாங்களே குறிப்பிட்டுள்ளபடி இப்பாடல்கள் குழுவினரின் கூட்டு ஆக்கம் என்பதால், இசையமைப்பாளர் பிரிவில் தங்கள் பெயரைப் பரிசீலிக்க இயலவில்லை.' எனக்கு வந்ததே கோபம். மரியாதை தெரியாதவர்கள் என்று வீடு அதிரக் கத்தினேன். மனைவி கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"அவங்க மேல ஏன் எகிர்றீங்க? நீங்க எழுதுனத நம்பியிருக்காங்க, அவ்ளோதான்."

கடிதத்தை வாங்கி மடித்துப் பாட்டுப் புத்தகத்துக்குள் செருகினேன்.

இந்த மாதம் எங்கள் குழுவில் கீழ்க்குரல் பாடுபவருக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து, இத்தனை வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் பாடியவர். பூசை முடிந்து கோயில் ஹாலில் அவருக்கு டீயும் கேக்கும் கொடுத்தோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நாம எல்லாரும் சேர்ந்து போட்ட மெட்டுங்க. அங்க போயும் பாடுவேன்."

சும்மா சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். மனைவி பக்கத்தில்தான் நின்றாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்தாள்.

"ஆமாங்க, எல்லாரும் சேர்ந்துதான்" என்றேன்.

அவள் டீ கப்பை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.