வெள்ளத்தில் ஒரு வெள்ளைத் தடி

யுத்தம் முடிந்த வருஷத்து மழையில், மாட்டுங்காவில் எங்கள் வீதி முழங்கால் ஆழத்துக்கு ஆறாகிவிட்டது. வெள்ளம் வடிவதற்காக நடுவீதியில் சாக்கடை மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். குழி எங்கே என்பது அந்தக் கலங்கல் தண்ணீருக்குத்தான் தெரியும். எனக்கோ எதிர்ச்சாரிக்குப் போனால்தான் ஆபீஸ் ரயில்.

எங்கள் வாசலில் தாராவிக்காரர் ஒருவர், வெள்ளைப் பெயிண்ட் அடித்த தடியோடு நின்றிருந்தார். கண் தெரியாதவர். எதிர்வீட்டு நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னப் போகிறவர். துணைக்கு ஆள் கிடைத்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது.

"பயப்படாதீங்கோ, நான் இருக்கேன்" என்று தடியின் நுனியைப் பிடித்து இழுத்தேன்.

"விடும் சாமி. நுனிய நீரு புடிச்சிக்கிட்டா நான் எத வச்சுப் பாக்க?"

விட்டேன். நாலு எட்டு வைத்ததும் காலில் ஏதோ நழுவியது. குழியேதான்! முருகா, பிள்ளையாரப்பா என்று அலறி, அவர் தோளில் தொங்கினேன்.

அவர் தடியால் தட்டிப் பார்த்தார். "தேங்கா மட்டை, சாமி. குழி இந்தா, வலப்பக்கம் கெடக்கு." தடி முக்கால்வாசி உள்ளே போய் வந்தது.

எதிர்ச்சாரியில் ஏறியதும் காப்பிக்கடைக்காரர் கைதட்டினார். "கண் தெரியாதவரைக் கரை சேத்துட்டேரே, புண்ணியம் ஓய்!"

நான் அடக்கமாகத் தலை குனிந்தேன்.

"ஆமா, நல்ல மனுசன்" என்றார் தாராவிக்காரர். "நடுக்கம் நின்னதும் அவர என் தோள விடச் சொல்லும். எனக்கு வேலைக்குப் போணும்லா?"

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தபோதும் வெள்ளம் வடியவில்லை. பாவம், அவருக்குத் துணை வேண்டுமே என்று காப்பிக்கடையிலேயே காத்திருந்தேன்.